தர்மபுரி ஞாயிற்றுக்கிழமை பேத்தாலஜி வகுப்பு: பன்னிரண்டு வாரம் போய்வந்தவனின் ரிவியூ

எம்.பி.பி.எஸ். செகண்ட் இயர் தம்பி தங்கைகள் வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள், "அண்ணா, தர்மபுரில ஒரு மேடம் பேத்தாலஜி எடுக்கறாங்களாமே, போலாமா, குடுக்கற காசுக்குத் தகுமா?" என்று. பேத்தாலஜி என்றால் நோய் உடம்பில் என்ன செய்கிறது என்று படிக்கும் பாடம். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது, தன் பெயரையும் எங்கும் போட வேண்டாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார், அதனால் பெயர் இல்லாமலே போகட்டும். பென்னாகரம் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி என்றால் உங்கள் சீனியர்களுக்குத் தெரியும்.

என்னைப் பற்றி நாலு வரி. அரூர் பக்கம் கிராமம், வீட்டில் குச்சிக்கிழங்கும் (ஜவ்வரிசி எடுக்கும் மரவள்ளிதான்) கொஞ்சம் மஞ்சளும். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மெடிக்கல் சீட் கிடைத்தது, படிப்பது கிருஷ்ணகிரியில். முதல் வருடத்தை, எலும்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தே ஒப்பேற்றிவிட்டேன். இரண்டாம் வருடம் பேத்தாலஜி புத்தகத்தைத் திறந்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. செல் எப்படிக் காயப்படுகிறது, அழற்சி என்றால் என்ன, கட்டி எப்படி வளர்கிறது என்று முன்பகுதி சில நூறு பக்கம், அப்புறம் இதயம், நுரையீரல், ஈரல், சிறுநீரகம் என்று உறுப்பு உறுப்பாக மிச்சப் புத்தகம் முழுக்க. ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனி ஊர் மாதிரி மனப்பாடம் செய்தேன். ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்கு பஸ் போகிறது என்பதே தெரியாமல் படித்தேன். முதல் இன்டர்னலில் 100-க்கு 38. கல்லூரியைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே நடத்தினதை எழுதிக்கொண்டு வந்து அப்படியே மூடி வைத்தது நான்தான்.

முதலில் எல்லோரையும் போல ஒரு ஆப் வாங்கினேன். ஆப்பை ரொம்பத் திட்டவும் முடியாது, நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், படங்கள் பளிச்சென்று இருக்கும், ராத்திரி ஒரு மணிக்குக்கூட ஓடும். ஆனால் அதில் ஒருவர் இருபது நிமிடம் வேகமான ஆங்கிலத்தில் பேசுவார், முடிந்ததும் பத்துக் கேள்வி வரும், ஒன்பது சரியாகப் போடுவேன், மறுநாள் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. சந்தா முடிகிற நேரத்தில் கேட்காமலே அடுத்த தவணையை வேறு பிடித்துவிட்டார்கள், கஸ்டமர் கேரில் பேசிப் பேசி பாதிதான் திரும்ப வந்தது. அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் ரூம்மேட் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னான்.

கிருஷ்ணகிரியில் இருந்து தர்மபுரிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஞாயிறு காலை பஸ்ஸில் ஒரு மணி நேரம். வகுப்பு 9.30-க்கு என்று சொல்வார்கள், 10 மணிக்கு முன்னால் தொடங்கி நான் பார்த்ததில்லை, 1.30 வரை போகும். மேடம் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பேத்தாலஜிஸ்ட், சொந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டவர். புரொஜெக்டர் கிடையாது. கரும்பலகை, சிவப்பு நீலம் மஞ்சள் என்று மூன்று கலர் சாக்பீஸ், ஒரு பழைய மர ஸ்கேல், அவ்வளவுதான். பேசுவது முழுக்க தமிழ், பரீட்சையில் எழுத வேண்டிய சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் பலகையில் விழும். தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றவர்களுக்கு விளக்க முடியாது, விடுங்கள்.

முதல் மூன்று வாரம் பொதுப் பகுதி. செல் எப்போது தாங்கும் எப்போது சாகும், அழற்சி, இரத்தம் உறைவது. உறைவதைப் பற்றிச் சொல்லும்போது சொட்டுநீர்க் குழாயை எடுத்துக்கொண்டார். குழாயின் உள்சுவர் கெட்டால் அடைக்கும், ஓட்டம் மந்தமானால் அடைக்கும், தண்ணீரிலேயே உப்பு அதிகம் என்றால் அடைக்கும், இந்த மூன்றில் எது உன் நோயாளிக்கு என்று கேள் என்றார். விர்கோவின் மூன்று காரணம் என்று நான் பத்து தடவை எழுதிப் பார்த்து மறந்துபோனதுதான் இது. எங்கள் தோட்டத்தில் குழாய் அடைத்தால் அப்பா பார்க்கிற வரிசையும் ஏறக்குறைய இதேதான்.

நாலாவது வாரத்தில் இருந்துதான் வகுப்பின் நிஜமான முகம் தெரியும். உறுப்பு வாரியாக எடுக்க மாட்டார். வாரத்துக்கு ஒரு ஆளைக் கொண்டுவருவார். கற்பனை ஆள்தான், ஆனால் ஊர், வயது, தொழில் எல்லாம் இருக்கும். ஓசூர் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கும் சர்க்கரை நோயாளி, பாலக்கோட்டு லாரி டிரைவர் இருபது வருடமாகக் குடிப்பவர், பென்னாகரத்தில் மூன்று மாதமாக இருமிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா. பலகையில் ஒரு உடம்பை வரைந்து, முதலில் எது கெட்டது என்று குறித்துவிட்டுத் திரும்பி நின்று ஒரே கேள்வி கேட்பார்: "அடுத்து எது கெடும்?" யாராவது புத்தகத்தில் உள்ள வரியைச் சொன்னால் ஏற்க மாட்டார். ஏன் அது, ஏன் இப்போது, ஏன் அங்கே என்று மூன்று ஏன் தாண்டினால்தான் அந்த உறுப்பில் சாக்பீஸ் படும்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். பல வருடமாக பிரஷர் இருந்து மாத்திரை போடாத ஒருவர். இதயத்தின் இடது கீழறை எதிர்த்துத் தள்ளித் தள்ளி முதலில் சுவர் தடிக்கிறது, பிறகு ஓய்கிறது. இந்த இடத்தில் மேடம் பலகையில் இதயத்தை அழித்துவிட்டு கே.ஆர்.பி. டேமை, அதாவது கிருஷ்ணகிரி அணையை வரைந்தார். "ஷட்டர் தூக்க மாட்டேங்குதுன்னு வெச்சுக்கோ கண்ணு. மேல இருக்கறவன் முழுகுவான், கீழ காவேரிப்பட்டணத்துக்காரன் காயுவான்." மேலே என்றால் நுரையீரல். தண்ணீர் தேங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நுண்குழாயில் இருந்து கசியும் சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ்கள் (கழிவைத் தின்னும் செல்கள்) தின்று அந்த இரும்பால் பழுப்பாகின்றன. இவற்றுக்குத்தான் ஹார்ட் ஃபெயிலியர் செல் என்று பெயர், இருப்பது நுரையீரலில். நான் அதுவரை இதயத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன், பெயரைப் பார்த்து. அதற்கும் மேலே வலது பக்கம் ஓய்ந்தால் ஈரல் வீங்குகிறது, கால் வீங்குகிறது. கீழே காய்கிறவன் சிறுநீரகம். அவனுக்கு இரத்தம் குறைவாக வருகிறது, உடம்பில் தண்ணீரே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து பிரஷரை ஏற்றும் ரெனினைச் சுரக்கிறான், உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறான். காவேரிப்பட்டணத்துக்காரன் போன் போட்டு இன்னும் தண்ணி விடு என்கிறான், வருகிற தண்ணீர் எல்லாம் ஏற்கெனவே தளும்புகிற டேமில்தான் போய்ச் சேருகிறது. ஒரே கதையில் இதயம், நுரையீரல், ஈரல், சிறுநீரகம் நாலும் முடிந்துவிட்டது. நாலு அத்தியாயமாக நான் படித்துக் குழம்பியது இது.

அந்த நாலாவது வாரமே இன்னொருவரும் வந்தார், நெஞ்சு வலிக்காரர். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய் அடைத்தது ஞாயிறு காலை. ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்தத் தசை சுருங்குவதை நிறுத்துகிறது, ஆனால் இன்னும் சாகவில்லை; இருபது முப்பது நிமிடம் தாண்டினால்தான் திரும்ப முடியாத சேதம் தொடங்குகிறது. "ஆஸ்பத்திரிக்கு ஓடறதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்" என்று அங்கேயே நிறுத்திவிட்டார். முடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்ததும் முதல் கேள்வி, "போன வாரம் நெஞ்சு வலிச்சவர் இப்ப எப்படி இருக்கார்?" முதல் மூன்று நாள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து குவியும், மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாள் வரை மேக்ரோஃபேஜ் வந்து செத்த தசையை அப்புறப்படுத்தும், அந்த நாட்களில்தான் சுவர் மிக மெத்தென்று இருக்கும், வெடித்தாலும் அப்போதுதான் வெடிக்கும். அதற்கடுத்த ஞாயிறு கிரானுலேஷன் திசு, அதாவது காயம் ஆறும்போது முளைக்கும் புதுத் திசு. இப்படி ஒவ்வொரு வாரமும் இரண்டு நிமிடம் அவரைப் பற்றிப் பேசுவோம். பன்னிரண்டாவது வாரம், அதாவது சரியாக எட்டு வாரம் கழித்து, தழும்பு முழுசாகிவிட்டது. அந்த அட்டவணையை நான் ஒரு முறைகூட உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. நிஜமாகவே அத்தனை நாள் காத்திருந்ததால் உடம்பில் ஏறிவிட்டது. இதை எந்த ஆப்பிலும் செய்ய முடியாது, எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் பார்த்துவிடுவோமே.

பேத்தாலஜிக்காரர்களுக்கு ஏனோ சாப்பாட்டு ஞாபகம் அதிகம். ஜாதிக்காய் ஈரல், ஜவ்வரிசி மண்ணீரல், சீஸ் போன்ற நெக்ரோசிஸ் (செத்த திசு), நெத்திலி சாஸ் போன்ற சீழ், வெண்ணெய் தடவிய ரொட்டி போன்ற பெரிகார்டியம் (இதய உறை) என்று ஒரு ஹோட்டலே நடத்தலாம். பிரச்சினை என்னவென்றால் இந்தப் பெயர்களை வைத்தவர்கள் தின்றதை நாங்கள் தின்றதில்லை. நெத்திலி சாஸ் எந்தக் கலர் என்று அரூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? மேடம் மளிகைக் கடையில் ஜாதிக்காய் வாங்கிவந்து குறுக்கே வெட்டி கைக்குக் கை கொடுத்தார், பக்கத்தில் தேங்கிய ஈரலின் படம். அதே புள்ளிகள்: நடுச்சிரையைச் சுற்றி கருஞ்சிவப்பு, அதைச் சுற்றி வெளிறிய பழுப்பு. காசநோயின் நெக்ரோசிஸுக்கு திரிந்த பாலைத் துணியில் கட்டிப் பிழிந்தது என்றார். அமீபா ஈரல் சீழுக்கு ராகிக் கூழ். எங்கள் வரிசையில் இரண்டு பேர் காலையில் அதைத்தான் குடித்துவிட்டு வந்திருந்தார்கள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஜவ்வரிசிக்கு மட்டும் அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குச்சிக்கிழங்கு போடுகிற வீட்டுப் பையனுக்கு ஜவ்வரிசியைப் பற்றி யாராவது சொல்லித்தர வேண்டுமா? அமிலாய்டு என்ற கெட்ட புரதம் மண்ணீரலின் வெள்ளைக் கூழ்ப் பகுதியில் படியும்போது வெட்டு முகத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடி மணிகள் தெரியும், சிவப்புக் கூழ்ப் பகுதியில் பரவிப் படிந்தால் அந்த மணிகள் இருக்காது, கொழுப்புப் பாளம் மாதிரி வழவழவென்று இருக்கும். நான் எழுந்து நின்று சொன்னேன். பன்னிரண்டு வாரத்தில் மேடம் என்னைப் பார்த்து "சபாஷ்டா" என்றது அந்த ஒரு தடவைதான், அதனால் எழுதுகிறேன்.

ஏழாவது வாரம் ஃப்ளூரோசிஸ், ஃப்ளூரைடு அதிகமுள்ள தண்ணீரால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் நோய். இது பல புத்தகங்களில் சில வரியில் போய்விடும், பரீட்சையிலும் அபூர்வம். ஆனால் மேடம் இதற்கு மூன்று மணி நேரம் எடுத்தார், நம் மாவட்டங்களில் டாக்டராகப் போகிறவனுக்கு இது தெரியாவிட்டால் வெட்கக்கேடு என்றார். குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை விடலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் ஃப்ளூரைடு இருக்கும் போர் தண்ணீரைப் பல வருடம் குடித்தால் என்ன ஆகும்? இங்கேயும் அதே கேள்விதான், முதலில் எது, அடுத்து எது. பல் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதில் குடித்தால் பல்லின் மேல்பூச்சான எனாமல் சரியாக இறுகாது, அதுதான் நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் காவிக் கோடு. வெற்றிலையும் இல்லை, பல் விளக்காததும் இல்லை. எட்டு வயதுக்கு மேல் இந்தத் தண்ணீருக்கு வருகிறவனுக்குப் பல் பெரும்பாலும் தப்பிக்கும், எலும்பு தப்பிக்காது. எலும்பின் தாதுவில் ஃப்ளூரைடு உட்கார்ந்துகொள்கிறது, எலும்பு கட்டும் செல்களைத் தூண்டிவிடுகிறது, எக்ஸ்ரேயில் முதுகெலும்பும் இடுப்பும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கும். அடர்த்தி கூடினாலும் தரம் இல்லாத எலும்பு. தசைநார்களும் சுண்ணாம்பாகும், கடைசியில் தண்டுவடத்துக்கே இடம் இல்லாமல் போய் கால் மரத்துப்போகும். இதில் சிறுநீரகத்துக்கு என்ன வேலை என்று ஒரு பெண் கேட்டாள், அன்றைய நல்ல கேள்வி அதுதான். ஃப்ளூரைடு வெளியே போகிற வாசல் சிறுநீரகம், அது பழுதானால் எலும்பில் சேர்வது இன்னும் கூடும்.

அன்று மதியம் ஹாஸ்டலுக்குப் போகாமல் நேராக அரூர் பஸ் பிடித்தேன். எங்கள் ஆயாவைக் கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டார், உடம்போடு சேர்ந்து திரும்புவார். சின்ன வயதில் அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். மேடம் சொன்ன மூன்றையும் செய்யச் சொன்னேன்: கீழே போட்ட காசை முட்டி மடக்காமல் எடுப்பது, தாடையை நெஞ்சில் தொடுவது, கையைத் தலைக்குப் பின்னால் கோர்ப்பது. மூன்றும் முடியவில்லை. "எனக்கு எதுக்குடா இந்த வயசுல டிரில்லு" என்றார். அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில் முன்கை எலும்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சவ்வு சுண்ணாம்பாகி இருந்தது, பலகையில் மஞ்சள் சாக்பீஸில் பார்த்த அதே இடம். நாற்பது வருடம் வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013-ல் தண்ணீர் விட்டார்கள், அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் இருக்கிறது. அது ஏன் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். ஆயாவுக்கு அது பிந்திப்போன தண்ணீர்.

ஒன்பதாவது வாரம் பாம்பு. கடலைக் காட்டில் கண்ணாடி விரியன் கடித்த ஒருவர். இதை முழுக்கச் சொன்னால் நீங்கள் வகுப்புக்கே போக வேண்டாம், அதனால் கொஞ்சம் மட்டும். விஷம் உறைதல் காரணிகளில் ஐந்தையும் பத்தையும் உசுப்பிவிடுகிறது, உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக உறைந்து உறைந்து உறைவதற்கான சரக்கே தீர்ந்துபோகிறது, அப்புறம் ஈறில் இருந்தும் ஊசி குத்திய இடத்தில் இருந்தும் இரத்தம் நிற்காமல் வரும். அதனால்தான் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை இருபது நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்ப்பது. குழாய் புதுசாக அல்லது சோப்பு படாமல் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, ஏனென்றால் உறைதலைத் தொடங்கி வைப்பதே அந்தக் கண்ணாடிச் சுவர்தான். அடுத்து எது கெடும்? சிறுநீரகம் என்று எல்லோரும் சொல்லிவிட்டோம். அதற்கடுத்து? யாருக்கும் தெரியவில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. பிழைத்து வீட்டுக்குப் போன ஆள் சில மாதமோ சில வருடமோ கழித்து, தெம்பே இல்லை, தாடி வளரவில்லை, குளிர் தாங்கவில்லை என்று வந்து நிற்பார், பாம்பு கடித்ததை அவரும் சொல்ல மாட்டார், டாக்டரும் கேட்க மாட்டார். இரத்தச் சோகை என்று டானிக் எழுதி அனுப்புவார்கள் என்று சொல்லும்போது மேடம் குரல் கொஞ்சம் மாறியது. பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன், அதுவும் நிறைய இருக்கிறது.

இடம் போதாது. தர்மபுரியில் 2008-ல் வந்த மருத்துவக் கல்லூரி மட்டும் இருந்த காலத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்துகொண்டிருந்த வகுப்பாம். 2022-ல் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பிறகு எங்கள் பேட்சில் நாற்பது பேர், நாற்காலி இருபத்தெட்டு. 10 மணிக்கு மேல் போனால் ஜன்னல் திட்டில்தான் உட்கார வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் அந்த மாடி கொதிக்கும், கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன் மட்டும், அதுவும் மேடம் பக்கம்.

நோட்ஸ் என்று கீழே ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும் கட்டு வெறும் ஏமாற்றம். மேடம் எப்போதோ கையால் எழுதியதை நகலெடுத்து நகலெடுத்து எழுத்து கரைந்துவிட்டது, அம்புக்குறி எது, கோடு எது என்று தெரியாது. 250 ரூபாய் அதற்குத் தனியாக. வாங்காதீர்கள், உங்கள் நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பலகையை போட்டோ எடுத்தால் திட்டுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மைக்ரோஸ்கோப் இரண்டே இரண்டு. ஸ்லைடு பார்ப்பதற்கு என்று கடைசி அரை மணி நேரம் ஒதுக்குவார், நாற்பது பேர் வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. பிராக்டிகலுக்கு இந்த வகுப்பை நம்பவே நம்பாதீர்கள். ஸ்லைடும் மியூசியம் ஜாடிகளும் உங்கள் கல்லூரி லேபில்தான், அங்கே போய் நிற்கிற நேரத்தை இதற்காகக் குறைத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்கு. நான் குறைத்தேன், அனுபவித்தேன்.

இன்னொன்று, சில இடங்களில் மேடம் பழசு. இரத்தப் புற்றுநோய் வகைகளை அவர் எடுத்தது பழைய எஃப்.ஏ.பி. முறையில், இப்போது கேட்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. குடிக்காதவர்களுக்கு வரும் கொழுப்பு ஈரலுக்கு 2023-ல் பெயரையே மாற்றிவிட்டார்கள், அவர் இன்னும் பழைய பெயரில்தான் சொல்கிறார். நான் கை தூக்கிச் சொன்னபோது "பேரு மாறுனா ஈரல் மாறிடுமா" என்று சிரித்தார். ஈரல் மாறாது மேடம், மார்க் மாறும். பல்கலைக்கழகத் தேர்வில் இரத்தப் புற்றுநோய்க் கேள்விக்கு அவர் சொன்னபடி எழுதிவிட்டு வெளியே வந்து நண்பர்களிடம் கேட்டதும்தான் தலையில் அடித்துக்கொண்டேன். இரத்தப் பகுதியை மட்டும் புதுப் புத்தகத்தில் தனியாகப் படித்துவிடுங்கள்.

கதை சொல்லி நடத்துவதில் இன்னொரு ஓட்டை, கதைக்கு வசமாகாத பாடங்கள் அடிபடும். பெண் இனப்பெருக்க உறுப்புகளையும் மார்பகத்தையும் சேர்த்து ஒரே ஞாயிறில் ஓட்டினார். கட்டிகளின் பொதுப் பகுதி அவசர அவசரமாக. தோல் சுத்தமாக இல்லை. பத்து மார்க் கேள்விக்கு எப்படித் தலைப்புப் போட்டு, படம் போட்டு எழுதுவது என்று கேட்டால் அது உன் கல்லூரியில் சொல்லித்தருவார்கள் என்பார். எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) பற்றிக் கேட்டால் இன்னும் மோசம், அன்று முழுக்க மூட் அவுட். ஆகவே தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாஸ் ஆவதற்காக ஓடிவருகிறவர்களுக்கு இந்த வகுப்பு வேலைக்கு ஆகாது. அந்த நேரத்தில் முந்தைய கேள்வித்தாள்களும் ஆப்பும்தான் கைகொடுக்கும்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாவது இன்டர்னல் 54, மூன்றாவது 63, பல்கலைக்கழகத் தேர்வில் தியரி சுமாராக நல்லபடி, பிராக்டிகல் தட்டுத் தடுமாறி. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியில் இருந்து வந்த தேர்வாளர் ஹார்ட் ஃபெயிலியர் செல் எந்த உறுப்பில் இருக்கும் என்று கேட்டார். நுரையீரல் என்று சொன்னதும், ஏன் என்றார். டேமை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாம் சொன்னேன். ஈரல் வரை போனேன், போதும் போதும் என்று நிறுத்திவிட்டார். இப்போது மூன்றாம் வருடம், வார்டில் மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தால் கால் வீங்கியிருக்கிறதா என்று கை தானாகப் போய் அழுத்துகிறது.

கட்டணம் பன்னிரண்டு வாரத்துக்கு 4,500 ரூபாய், இரண்டு தவணையில் கொடுக்கலாம், அரசுப் பள்ளியில் படித்தவர்களிடம் பாதிதான் வாங்குகிறார், ஆனால் அதை நாமாகச் சொல்ல வேண்டும், அவர் கேட்க மாட்டார். எனக்கு இது கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. பஸ் செலவு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் ஆப்புக்குக் கொட்டியதைவிடக் குறைவு. செகண்ட் இயர் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் சேர்வதுதான் சரி, அப்போதுதான் கல்லூரியில் ஒவ்வொரு உறுப்பாக எடுக்கும்போது இங்கே கேட்ட ஆட்கள் ஞாபகம் வருவார்கள். நடுவில் சேர வேண்டாம், நெஞ்சு வலிக்காரர் உங்களுக்குப் பாதியில்தான் கிடைப்பார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். நோட்ஸுக்கு அரை, நாற்காலிக்கு அரை கழித்திருக்கிறேன்.

அடுத்த பேட்ச் பற்றிக் கேட்க மேடத்துக்குப் போன் செய்வதானால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் செய்யுங்கள், பகலில் எடுக்க மாட்டார். நம்பர் ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்கள் திரும்பும்போது பஸ் காவேரிப்பட்டணத்தில் நின்றால் நிப்பட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஹாஸ்டலில் ஞாயிறு ராத்திரி மெஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.